பறக்கும் முன் படிப்போம்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன், கோவில்பத்து)

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சமையலுக்கு அது சரி. சைக்கிளுக்கும் சரி. சைக்கிள் கடைக்காரர் மகனாகிய நான் புத்தகம் படித்தா சைக்கிள் விடக் கற்றேன்? கோவில்பத்துத் தெருவில் நாலு முறை விழுந்தேன். ஐந்தாம் முறை ஓட்டிவிட்டேன். ஆனால் நாலு முறை விழுந்து கற்றுக்கொள்ள முடியாத தொழில் ஒன்று உண்டு. அதுதான் விமானம் ஓட்டும் தொழில். அங்கே ஏட்டுச் சுரைக்காய்தான் முதலில் வேண்டும், கறி பிறகு.

விமானியாக விரும்பும் மாணவன், பறப்பதற்குப் பணம் கட்டும் முன்பே, தரையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடங்களைப் படித்துத் தேர்வு எழுதிவிட வேண்டும். அந்தப் படிப்பை அரசுக் கல்லூரி மாணவர்களாகிய நாம் நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். நான் விமானி அல்லன். விமானத்தில் ஏறியதும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இதற்காக ஒரு விலை கொடுத்தாகிவிட்டது. அந்த விலைதான் என் தகுதி.

என் பெரியப்பா மகனை நான் அண்ணன் என்றுதான் சொல்வேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் விமானியாக வேண்டும் என்றார். பெரியப்பா தம் பங்குக்கு வந்த ஐந்து மா நிலத்தையும் விற்றார். வெளி மாநிலத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் பெரும் தொகையை முன்பணமாகக் கட்டினார். அண்ணன் போன வேகத்தில் சீருடை அணிந்து எடுத்துக்கொண்ட புகைப்படத்தை அனுப்பினார். பெரியம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். பாடப் புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பறந்து பழகு என்று அங்கே சொன்னார்களாம். அண்ணனுக்கும் அதுவே இனித்தது.

பிறகு நடந்தது என்ன? ஒரு மணி நேரப் பறப்புக்குப் பல ஆயிரம் ரூபாய். காற்று ஏன் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்பதைத் தரையில் படிக்காதவர், மேலே போய் ஆசிரியரிடம் கேட்டுக் கற்றார். பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் விளங்கிக்கொள்ள வேண்டியதை, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் விலை கொடுத்து வாங்கினார். ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்ய நேர்ந்தது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நாற்பது மணியைத் தாண்டுவதற்குள் கையிருப்புக் கரைந்தது. எழுத்துத் தேர்வில் வழிகாண் பாடத்தில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை எழுத மனமும் இல்லை, பணமும் இல்லை. இன்று ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறார். அந்தப் புகைப்படம் இன்னும் பெரியம்மா வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. அவர் வரும்போது அதைப் பார்ப்பதில்லை.

அண்ணன் அறிவில் குறைந்தவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். வரிசை மாறிவிட்டது. அதுதான் குற்றம்.

எனக்கும் அதே ஆசை வந்தபோது என் அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடியே, “நம்ம பங்கும் ஐந்து மாதான் தம்பி. வித்துடலாமா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். விற்க ஆயத்தமாகவே கேட்டார். “இப்ப வேண்டாம்பா. மொதல்ல படிச்சுப் பார்க்கிறேன்” என்றேன். அன்று தொடங்கியதுதான் என் தரைப்பாடம். ‘கிரவுண்ட் கிளாஸ்’ என்று மற்றவர்கள் சொல்வதை நான் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டேன்.

தரைப்பாடம் என்பது என்ன? டி.ஜி.சி.ஏ. என்னும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் நடத்தும் தேர்வுகளுக்கான பாடங்கள். வானில் வழி காண்பது ஒன்று, வானிலை ஒன்று, விமான விதிகள் ஒன்று, விமானமும் என்ஜினும் கருவிகளும் இயங்கும் விதம் பற்றிய தொழில்நுட்பம் ஒன்று. இவற்றோடு ரேடியோவில் பேசுவதற்கான தனிச் சான்றிதழும் வேண்டும். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 70 எடுக்க வேண்டும். நம் கல்லூரித் தேர்வில் நாற்பது எடுத்துத் தலைநிமிர்ந்து நடப்போர்க்கு இது சற்று அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் முப்பது விழுக்காடு தெரியாத விமானியின் பின்னால் உட்கார நம்மில் யார் விரும்புவோம்?

பாடங்களைத் தொடங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது. வேற்றுலகத்துச் செய்தி என்று நான் நினைத்தவை எல்லாம் கோவில்பத்திலேயே கிடந்தன.

வழிகாண் பாடத்தை எடுத்துக்கொள்வோம். காரைக்கால் ஏறத்தாழ 10 பாகை 55 கலை வட அட்சரேகையில் இருக்கிறது. புதுச்சேரி ஏறத்தாழ 11 பாகை 56 கலையில் இருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் அமைந்தவை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆகவே நம் தலைநகரம் நமக்கு நேர் வடக்கே சுமார் 60 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. பஸ்ஸில் போனால் சிதம்பரம், கடலூர் என்று வளைந்து வளைந்து போகிறோம். வானத்தில் அது நேர்கோடு. மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் பறக்கும் சிறு விமானம் காற்றில்லாத நாளில் 36 நிமிடத்தில் போய்ச் சேரும்.

விமானிகளுக்கு ‘அறுபதில் ஒன்று’ என்ற விதி ஒன்று உண்டு. திசையில் ஒரு பாகை பிழைத்தால், 60 கடல் மைல் போன பிறகு ஒரு கடல் மைல் விலகி நிற்போம். இந்த விதியைச் சொல்லிக்கொடுக்கக் காரைக்கால்–புதுச்சேரியைவிட நல்ல எடுத்துக்காட்டு உலகில் இருக்குமா? ஐந்து பாகை கிழக்கே தவறினால், புதுச்சேரி என்று நினைத்துக் கீழே பார்க்கும் இடத்தில் வங்கக் கடல்தான் தெரியும்.

இனிக் காற்றைச் சேர்த்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வாடை வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் மூக்கை நேர் வடக்கே வைத்துப் பறந்தால் காற்று அதை மேற்கே தள்ளிக்கொண்டே போகும். கணக்குப் போட்டால், புதுச்சேரிக்கு நேராக வரும்போது நாம் ஏறத்தாழ 10 கடல் மைல், அதாவது 18 கிலோமீட்டர் உள்நாட்டில் இருப்போம். சரியான வழி என்ன? மூக்கை எட்டுப் பாகை காற்றின் பக்கமாகத் திருப்பிவைக்க வேண்டும். அப்போது பயணம் 36 நிமிடத்துக்குப் பதில் 42 நிமிடத்துக்குமேல் ஆகும். அந்த ஆறு நிமிடத்துக்கும் பெட்ரோல் வேண்டும். இத்தனையும் பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். இதைத்தான் என் அண்ணன் மணிக்குப் பல ஆயிரம் கொடுத்து மேலே தேடிக்கொண்டிருந்தார்.

இந்தப் பாடம் முன்னோடிகளையும் விட்டுவைக்கவில்லை. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலத்தில், 1909-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று, லூயி பிளெரியோ என்ற பிரெஞ்சுக்காரர் தம் சிறு விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். சுமார் 37 நிமிடப் பயணம். திசைகாட்டி இல்லை. நடுக் கடலில் சில நிமிடம் கரையும் தெரியவில்லை; கப்பலும் தெரியவில்லை. மீண்டும் கரை தெரிந்தபோது காற்று தம்மை வழியிலிருந்து கிழக்கே தள்ளிவிட்டதைக் கண்டு, கரையோரமாகத் திரும்பி வந்து டோவர் அருகே இறங்கினார். உலகம் அவர் துணிவைப் பாராட்டியது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அன்று அவருக்குத் துணிவு மட்டும் உதவவில்லை, நல்வாய்ப்பும் உதவியது. நல்வாய்ப்பை நம்பி இனி யாரும் பறக்கலாகாது என்பதற்காகத்தான் தரைப்பாடம் பிறந்தது.

காற்றுக்குப் பெயர் வைப்பதில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். வடக்கிலிருந்து வந்தால் வாடை; தெற்கிலிருந்து வந்தால் தென்றல்; கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல்; மேற்கிலிருந்து வந்தால் கோடை. எங்கே போகிறது என்பதை வைத்தல்ல, எங்கிருந்து வருகிறது என்பதை வைத்தே பெயர். இன்றைய விமானியும் காற்றை வரும் திசையால்தான் குறிக்கிறான். வானிலைப் புத்தகத்தில் இதைப் படித்தபோது பழைய உறவினரை வெளியூரில் சந்தித்ததுபோல் இருந்தது.

வானிலைப் பாடத்துக்கு நம் ஊரே ஒரு பள்ளிக்கூடம். இந்திய வானிலைத் துறையின் மேல்வளி ஆய்வு நிலையங்களில் காரைக்காலும் ஒன்று. உலக வானிலைப் பட்டியலில் அதன் எண் 43346. கருவி கட்டிய பலூன் இங்கிருந்து மேலே போகிறது. வெவ்வேறு உயரங்களில் உள்ள வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றை அது ரேடியோ வழியே கீழே சொல்கிறது. அந்த எண்கள் உலகெங்கும் போகின்றன. டாப்ளர் ராடாரும் இங்கே இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 27 அன்று ‘நிஷா’ காரைக்காலுக்கு வடக்கே கரையைக் கடந்தது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் ‘கஜா’ நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. புயலைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அறிந்தவர்கள் நாம். அதே புயலை எண்களில் அறிவது நமக்குக் கடினமா?

ஓர் எடுத்துக்காட்டு. விமானத்தின் உயரமானி உண்மையில் ஒரு காற்றழுத்தமானிதான். அழுத்தம் குறைந்தால் உயரம் கூடிவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 30 அடி என்பது கணக்கு. கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி இங்கே அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிட்டது. விமானி கருவியைத் திருத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். தாம் 1,000 அடியில் பறப்பதாகக் கருவியைப் பார்த்து நம்பிக்கொண்டிருப்பார். உண்மையில் 700 அடியில்தான் இருப்பார். மழை இருட்டில் அந்த 300 அடி ஓர் உயிரின் விலை.

வெயிலும் அப்படியே. விமானக் கணக்குகளுக்குக் கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் என்பது அளவுகோல். நம் ஊரில் மே மாத நண்பகலில் 38 டிகிரி இருக்கும்போது காற்று மெலிந்துவிடுகிறது. ஒரு டிகிரிக்கு 120 அடி என்று தோராயமாகக் கணக்கிட்டால், கடற்கரையில் நிற்கும் விமானம் 2,760 அடி மலைமேல் நிற்பதுபோல் நடந்துகொள்ளும். ஓடுபாதையில் நெடுந்தூரம் ஓடும், மெதுவாகத்தான் ஏறும். வேப்பமரத்தடியில் துண்டால் விசிறிக்கொண்டே, “இந்தக் காத்துல ஒண்ணும் இல்லையே” என்று என் அப்பா சொல்வார். அவர் சொல்வது அறிவியல் உண்மை.

கூட்டலும் பெருக்கலும் அறிந்தவர்க்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. 1983-ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று கனடா நாட்டில், புத்தம் புதிய போயிங் 767 விமானம் ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. காரணம் இயந்திரக் கோளாறா? இல்லை. எரிபொருள் அளவுகாட்டி பழுதாக இருந்ததால் தரையில் கையால் கணக்குப் போட்டார்கள். லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோகிராமுக்கு உரிய எண்ணுக்குப் பதில் பவுண்டுக்கு உரிய எண்ணைப் பெருக்கிவிட்டார்கள். வேண்டிய எரிபொருளில் பாதிக்கும் குறைவாகவே ஏற்றப்பட்டது. என்ஜின் இரண்டும் நின்ற அந்தப் பெரிய விமானத்தைத் தலைமை விமானி சறுக்கியே கொண்டுவந்து, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானத் தளத்தில் இறக்கினார். அதில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். பிழை நடந்தது தரையில். எட்டாம் வகுப்புக் கணக்கில். மீட்டது, சறுக்கு விமானம் ஓட்டி அவர் முன்பே கற்றிருந்த கல்வி.

அடுத்து மொழி. தமிழ் வழியில் படித்த நம்மை அச்சுறுத்துவது இதுதான். ரேடியோவில் ஆங்கிலம் பேச வேண்டும். ஒருவர் கட்டளை சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இதை வெறும் சடங்கு என்று எண்ணிவிடலாகாது. 1996-ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேல் இரண்டு விமானங்கள் வானில் மோதின. 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம், 14,000 அடியில் சவூதி விமானம் வரும் பாதைக்கே இறங்கிவிட்டது. 349 பேர் மாண்டனர். கசகஸ்தான் விமானக் குழுவினரின் ஆங்கிலக் குறைபாடும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. விமானிகளுக்குக் குறிப்பிட்ட ஆங்கிலத் தகுதி வேண்டும் என்ற உலக விதி 2008 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் நண்பர்களே, அந்த ஆங்கிலம் ஷேக்ஸ்பியரின் ஆங்கிலம் அல்ல. சில நூறு சொற்கள், வரையறுத்த வாக்கியங்கள். ஒன்பதை ‘நைனர்’ என்றும், மூன்றை ‘ட்ரீ’ என்றும் சொல்லப் பழக வேண்டும். ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ என்று எழுத்துகளைச் சொல்ல வேண்டும். தமிழில் சிந்தித்துத் தெளிந்தவன் இதை ஆறு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்து பொருள் விளங்காதவன்தான் திணறுவான். நான் வழிகாண் பாடத்தை முதலில் ஆங்கிலத்தில் உருப்போட்டேன், ஏறவில்லை. பிறகு என் தங்கைக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு விளங்கியபோதுதான் எனக்கும் விளங்கியது.

“இதெல்லாம் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. பறக்கப் பல பத்து லட்சம் வேண்டுமே, நீ புத்தகம் படித்து என்ன பயன்?” என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். கேள்வி நியாயமானதே. பறப்புச் செலவு என் அப்பாவின் வாழ்நாள் வருமானத்துக்குச் சமம் என்பதை நான் மறைக்கவில்லை. தேர்ச்சிக்குக் காலவரம்பு உண்டு. அதற்குள் பறக்க வழியில்லையென்றால் மீண்டும் எழுத நேரும் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் செலவு மிகுந்தது என்பதுதான் முதலில் படிப்பதற்குக் காரணம். படிக்காமல் இருப்பதற்குக் காரணம் அன்று. புத்தகங்களைப் பழைய விலைக்கு வாங்கலாம். ஐ.சி. ஜோஷியின் வானிலை நூலையும் ஆர்.கே. பாலியின் விதிகள் நூலையும் நான் அப்படித்தான் வாங்கினேன். பணம் கட்டிப் பறக்கத் தொடங்கும் முன்பே தேர்வுகளை எழுதவும் வழி இருக்கிறது. ‘இது எனக்கு ஒத்துவருமா?’ என்ற கேள்விக்குச் சில ஆயிரம் ரூபாயில் விடை கிடைக்குமானால், ஐந்து மா நிலத்தை விற்று அந்த விடையை வாங்குவானேன்?

அதற்கும் முன்னதாக இன்னொன்று: மருத்துவப் பரிசோதனை. கண், காது, இதயம் என்று பார்க்கிறார்கள். டி.ஜி.சி.ஏ. ஏற்ற மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்புப் பரிசோதனையைச் செய்துகொள்ளாமல் யாரும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். நிறக்குருடு இருப்பதைப் பணம் கட்டிய பிறகு அறிவதைக் காட்டிலும் கொடுமை இல்லை.

அரசு நடத்தும் வழியும் உண்டு. உத்தரப்பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் 1985-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திரா காந்தி விமானப் பயிற்சி அகாடமி இருக்கிறது. அதில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் கேட்பது கணக்கு, இயற்பியல், ஆங்கிலம், பொது அறிவு, தருக்கம். அங்கும் கதவைத் திறப்பது பெஞ்சில் படித்த படிப்புதான்.

படித்தும் பறக்க முடியாமல் போனால்? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் இராமேசுவரத்துக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். அப்துல் கலாம் விமானப்படை விமானியாக வேண்டும் என்றே ஆசைப்பட்டார். டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் 8 பேரை எடுத்தார்கள். அவர் ஒன்பதாமவர். திருச்சியில் படித்த இயற்பியலும், குரோம்பேட்டையில் படித்த விமானப் பொறியியலும் அவரைவிட்டுப் போய்விடவில்லை. ராக்கெட் செய்தார். பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவரானார். 2006-ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று, 74-ஆம் வயதில், புனேயில் சுகோய் போர் விமானத்தில் துணை விமானி இருக்கையில் அமர்ந்து பறந்தார். தரையில் கற்றது அவருக்கு வீண் போகவில்லை. வானிலை ஆய்வு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, விமானப் பராமரிப்பு என்று இந்தப் பாடங்களை ஒட்டிய தொழில்கள் பல இருக்கின்றன.

நம் கல்லூரித் தோழிகளுக்கும் ஒரு சொல். சென்னையில் வாழ்ந்த உஷா சுந்தரம் 1949-ஆம் ஆண்டு பெங்களூர் ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் தேறி விமானியானார். ஓட்டுப் போடும் உரிமையே புதிதாக இருந்த காலம் அது. இன்று உலகச் சராசரியைக் காட்டிலும் இந்தியாவில் பெண் விமானிகளின் விகிதம் அதிகம். ஆகவே ‘பெண்ணுக்கு எதற்கு?’ என்ற கேள்விக்கு நான் விடை எழுதப் போவதில்லை.

கலைப் பிரிவு மாணவர்களை வெகுகாலமாகத் தடுத்து வந்தது வேறு ஒரு விதி. வணிக விமானி ஆவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும் என்பதே அது. 2025-ஆம் ஆண்டு அதைத் தளர்த்தலாம் என்ற யோசனை எழுந்தது. திறந்தநிலைப் பள்ளி வழியாக அவ்விரு பாடங்களையும் எழுதிச் சேர்த்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். விதி தளர்ந்தாலும் காற்று தளராது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வரலாறு படித்தவனையும் வாடைக்காற்று அதே 18 கிலோமீட்டர்தான் தள்ளும்.

என் வேண்டுகோளுக்கு வருகிறேன். நம் கல்லூரியில் வாரம் இரண்டு மாலை, தரைப்பாட வட்டம் ஒன்று நடத்த வேண்டும். புதிய கட்டடம் வேண்டாம். புதிய ஆசிரியரும் வேண்டாம். முக்கோணவியலும் திசையன்களும் கணிதத் துறையில் இருக்கின்றன. அழுத்தமும் வெப்பமும் இயற்பியல் துறையில் இருக்கின்றன. ரேடியோ ஆங்கிலத்தை ஆங்கிலத் துறை பழக்கலாம். வானிலை நிலையத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை அனுமதி பெற்று அழைத்துச் செல்லலாம். நூலகத்தில் ஒரு தட்டு போதும். நாற்பது பேர் சேர்ந்து, இருவர் மட்டும் விமானியாகட்டும். மற்ற முப்பத்தெட்டுப் பேரும், தாம் படிக்கும் கணக்கு எதற்கு என்று தெரிந்துகொண்டு வெளியேறுவார்கள். எத்தனை வகுப்புகளைப் பற்றி நாம் அப்படிச் சொல்ல முடியும்?

எங்கள் கோவில்பத்துப் பார்வதீசுவரர் கோயிலில் பங்குனியில் சில நாட்கள் சூரிய ஒளி கருவறைவரை வந்து இறைவன் திருமேனியில் படும். ஊரே திரண்டு தொழும். சூரியன் எந்த நாளில் எந்தத் திசையில் எழுவான் என்று தரையில் நின்று கணக்கிட்டு, வாயிலை அதற்கேற்ப அமைத்தவர்களையும் நான் சேர்த்தே தொழுகிறேன். அவர்கள் வானத்துக்குப் போனதில்லை. ஆனால் வானத்தைப் படித்திருந்தார்கள்.

இறுதியாக என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வானிலையிலும் விதிகளிலும் தேறிவிட்டேன். வழிகாண் பாடத்தில் நூற்றுக்கு 64, தவறிவிட்டேன். மதிப்பெண் வந்த அன்று அண்ணன் எங்கள் கடைக்கு வந்தார். நெடுநாள் தொடாத தம் பழைய கணக்குக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “நான் எங்க தப்பு பண்ணேன்னு இப்பத்தான் புரியுது. உட்காரு, சேர்ந்து போடுவோம்” என்றார். இப்போது இருவரும் இரவில் காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்துகொண்டிருக்கிறோம், பென்சிலால்.

அப்பாவின் ஐந்து மாவில் இந்த ஆண்டும் நடவு முடிந்துவிட்டது.